ஏரிக்கு மேற்கே – 14: தீர்ப்பு வராத வரி வழக்கு

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைச் சுற்றி 2013-இல் மூண்ட வருமான வரி வழக்கு ஒரே கேள்வியில் தொங்கியது. அங்கே தயாரான கைப்பேசிகளில் ஏற்றப்பட்ட மென்பொருளுக்காகப் பின்லாந்தில் இருந்த தாய் நிறுவனத்துக்குப் பணம் போனது. அந்தப் பணம் வாங்கிய சரக்குக்கான விலையா, உரிமைக்குக் கொடுத்த ராயல்டியா என்பதே கேள்வி. விலை என்றால், இந்தியாவில் நிலையான தொழிலகம் இல்லாத வெளிநாட்டு விற்பனையாளருக்கு இங்கே வருமான வரி கிடையாது. ராயல்டி என்றால், பணத்தை அனுப்பும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். அப்படிப் பிடிக்கவில்லை என்று வருமான வரித் துறை கேட்ட தொகை சுமார் 2,080 கோடி ரூபாய். இந்தக் கேள்விக்கு அந்த வழக்கில் கடைசிவரை நீதிமன்றத் தீர்ப்பு வரவில்லை. அதற்குள் ஆலை மூடப்பட்டுவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஒரகடம் வரை பரந்த இந்தத் தொழில் வட்டாரத்தின் வரலாற்றில் வரி அதிகாரத்தின் எல்லை பற்றிய மிகப் பெரிய வழக்குகளில் ஒன்று இது. ஆகவே இதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

வருமான வரியை எதிர்த்துக் கேள்வி கேட்கும் வழக்கம் சென்னைக்குப் பழையது. 1860-இல் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் முதன்முறையாக வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்கு மேல் 500 வரை உள்ளவர்களுக்கு 2 சதவீதம், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 4 சதவீதம். சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் அதைக் கடுமையாக எதிர்த்துத் தம் மறுப்பைப் பகிரங்கமாக வெளியிட்டார். அதற்காகவே அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஆளுநரே பேச முடியாத விஷயத்தில் குடிமகன் என்ன செய்திருக்க முடியும்? 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு, வரி மதிப்பீட்டை ரத்து செய்யவோ மாற்றவோ கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதையே தடுத்தது. சட்டப் பிரிவே அதிகாரவரம்பை மீறியது என்று சொன்னால்கூடத் தனி வழக்கு செல்லாது என்று 1947-இல் ராலி இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

அரசியலமைப்பு வந்த பிறகு நிலைமை மாறியது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265-ஆவது உறுப்பு. படிக்க எளிய வாக்கியம்தான், அதன் வீச்சு பெரியது. வரி விதிக்கும் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதை இயற்றிய மன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும், அது அடிப்படை உரிமைகளை மீறக்கூடாது, வசூலிக்கும் அதிகாரி சட்டம் சொன்ன வழியிலேயே போக வேண்டும். 1954-இல் சூரஜ்மல் மோத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செயலில் காட்டியது. போர்க்காலத்தில் வரி ஏய்த்தவர்களைப் பிடிக்க அமைக்கப்பட்ட வருமான வரி விசாரணை ஆணையத்தின் சிறப்பு அதிகாரங்களில் ஒன்று, சிலருக்கு மட்டும் கடுமையான நடைமுறையை விதித்துச் சமத்துவ உரிமையை மீறுகிறது என்று அது செல்லாமல் ஆக்கப்பட்டது. அந்த ஆணையத்தில் இருந்தவர்களில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஏ.வி.விஸ்வநாத சாஸ்திரி.

சென்னை மாகாணத்திலிருந்து போன இரண்டு விற்பனை வரி வழக்குகளும் இந்த இடத்தில் தவறாமல் சொல்லப்பட வேண்டியவை. கட்டட ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுக்கும் கட்டடத்தில் செங்கல்லும் சிமெண்டும் இருக்கின்றன. எனவே அந்தப் பொருள்கள் விற்கப்பட்டதாகவே கொண்டு வரி போடலாம் என்று சென்னை சட்டமன்றம் 1947-இல் விற்பனை வரிச் சட்டத்தைத் திருத்தியது. கேனன் டங்கர்லி நிறுவனம் எதிர்த்தது. 1958-இல் நீதிபதி டி.எல்.வெங்கடராம ஐயர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விற்பனை அல்லாத ஒன்றை விற்பனை என்று பெயர் சூட்டி வரிக்குள் இழுத்துக்கொள்ளும் அதிகாரம் மாகாண சட்டமன்றத்துக்கு இல்லை என்றது. அதே திருத்தத்தின் கீழ் ஏற்கெனவே வரி கட்டியிருந்த கே.எஸ்.வெங்கடராமன் அண்ட் கோ பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட, 1965-இல் உச்ச நீதிமன்றம் ராலி தீர்ப்பை ஏற்க மறுத்து வழக்குக்குக் கதவைத் திறந்தது. நாடாளுமன்றம் 1982-இல் அரசியலமைப்பையே 46-ஆவது முறையாகத் திருத்தித்தான் கேனன் டங்கர்லி தீர்ப்பின் விளைவைக் கடக்க முடிந்தது. வரையறையை நீட்டி வரியை நீட்டும் முயற்சியும், அதற்கு நீதிமன்றம் போடும் எல்லையும், எல்லையைக் கடக்க அடுத்த திருத்தமும் என்ற இந்தச் சுற்றுதான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் மீண்டும் நடந்தது.

நோக்கியா 2005-இல் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் 200 ஏக்கருக்கு மேல் நிலம் தரப்பட்டு, 2006 தொடக்கத்திலேயே கைப்பேசி உற்பத்தி ஆரம்பமானது. உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பான்மையோர் பெண்கள், பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்த கையோடு காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். சார்ஜர் செய்யும் சால்காம்ப், கைப்பேசி உறையும் பாகங்களும் செய்யும் பெர்லோஸ், ஃபாக்ஸ்கான் எனப் பாகங்கள் வழங்கும் நிறுவனங்கள் அதே வளாகத்திலும் சுற்றிலும் வந்து அமர்ந்தன. அந்த வளாகம் சிறப்புப் பொருளாதார மண்டலமாக இருந்ததால், அதற்கான சட்டத்தின்படி ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் முழு வரிவிலக்கும், அடுத்த 5 ஆண்டுகள் பாதி விலக்கும் இருந்தன.

வரிவிலக்கு பெற்ற ஆலைக்கு வரி நோட்டீஸ் எப்படி வந்தது என்று அப்போது பலர் கேட்டார்கள். விலக்கு ஆலையின் சொந்த லாபத்துக்குத்தான். அப்போது அமலில் இருந்த வருமான வரிச் சட்டத்தின் 195-ஆவது பிரிவு வேறொரு கடமையைச் சுமத்தியது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்தியாவில் வரிக்குரிய தொகையை அனுப்பும் எவரும், அனுப்பும் முன் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். டி.டி.எஸ். என்று அலுவலகங்களில் சொல்லப்படுவது இதுதான். பிடிக்கத் தவறினால் 201-ஆவது பிரிவின்படி அந்த வரியும் வட்டியும் அனுப்பியவர் தலையில் விழும். அதாவது இன்னொருவருடைய வரிக்கு இவர் பொறுப்பாகிறார். அதனால்தான் பணம் அனுப்பும் நாளில் சட்டம் என்ன சொன்னது என்பது இந்த வகை வழக்குகளில் உயிர்நாடியான விஷயம். வரி பிடிக்கும் கடமை, அனுப்பும் தொகை வரிக்குரியதாக இருந்தால் மட்டுமே எழும் என்று 2010-இல் ஜி.இ. இந்தியா டெக்னாலஜி சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது.

மென்பொருளுக்கான பணம் வரிக்குரியதா என்பதில் நீதிமன்றங்களே இரண்டுபட்டு நின்றன. 2011 அக்டோபரில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ராயல்டி என்றது. 2012 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இல்லை என்றது. டெல்லியில் வென்றது நோக்கியா குடும்பத்தைச் சேர்ந்த நோக்கியா நெட்வொர்க்ஸ். தொலைபேசிக் கட்டமைப்புக் கருவிகளோடு சேர்த்து விற்கப்பட்ட மென்பொருள் பற்றிய வழக்கு அது.

இந்த இரு தீர்ப்புகளுக்கும் நடுவில் நாடாளுமன்றம் புகுந்தது. 2012 ஜனவரி 20 அன்று வோடஃபோன் வழக்கில், சுமார் 11,000 கோடி ரூபாய் வரிக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் தள்ளியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை; மார்ச் 16 அன்று நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி தாக்கல் செய்த பட்ஜெட், அந்தத் தீர்ப்பின் அடித்தளத்தை முன்தேதியிட்டு மாற்றியது. வோடஃபோன் பற்றிய பேச்சில் பெரிதாகக் கவனிக்கப்படாத இன்னொரு திருத்தமும் அதே நிதிச் சட்டத்தில் இருந்தது. 9-ஆவது பிரிவின் ராயல்டி வரையறைக்கு நான்காவது விளக்கம் சேர்க்கப்பட்டது. கணினி மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமையும் உரிமமும் ராயல்டிக்குள் அடங்கும். எப்போதுமே அடங்கியிருந்தது என்றது அது. அமலுக்கு வந்த தேதி 1976 ஜூன் 1. முப்பத்தாறு ஆண்டுகள் பின்னோக்கிப் போன தேதி.

முன்தேதியிட்டு வரிச் சட்டம் இயற்றும் அதிகாரம் சட்டமன்றங்களுக்கு உண்டு என்பதை இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ளன. 1969-இல் பிருத்வி காட்டன் மில்ஸ் தீர்ப்பு அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது. நீதிமன்றம் சொன்னதைச் சட்டமன்றம் வெறுமனே செல்லாது என்று அறிவித்துவிட முடியாது. தீர்ப்புக்குக் காரணமான குறையை நீக்கினால்தான் புதிய சட்டம் நிற்கும். 2012 திருத்தம் அந்தத் தேர்வில் தேறக்கூடியதாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதிகாரம் இருப்பது வேறு, அதை நியாயமாகச் செலுத்துவது வேறு. கடந்த ஆண்டுகளில் பணம் அனுப்பி முடித்தவர், அன்று இல்லாத சட்டத்தைப் பார்த்து அன்று வரி பிடித்திருக்க முடியாது. இந்த எளிய நியாயத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் முத்திரை கிடைக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

2013 ஜனவரி 8 அன்று வருமான வரி அதிகாரிகள் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்குள் வந்தார்கள். அது செய்திகளில் ரெய்டு என்று வந்தது. சட்டப்படி அது 133ஏ பிரிவின் கீழான ஆய்வு. மார்ச்சில் 2,080 கோடி ரூபாய்க்கான கோரிக்கை வந்தது. நோக்கியா இந்தியாவின் வரிக் கணக்கு டெல்லியில் இருந்ததால் வழக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைத்தது. மென்பொருளை உருவாக்கியது பின்லாந்து நிறுவனம், அதற்கான வரி அங்கே கட்டப்படுகிறது, இருநாட்டு வரி ஒப்பந்தம் தனக்குச் சாதகமானது என்பது நோக்கியாவின் வாதம். சட்டத்தைவிட ஒப்பந்தம் வரி செலுத்துவோருக்கு நன்மை தந்தால் ஒப்பந்தமே பொருந்தும் என்று வருமான வரிச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு சொன்னது.

இத்தோடு நின்றிருந்தால் இது மற்ற வரி வழக்குகளைப் போல ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகர்ந்திருக்கும். ஆனால் 2013 செப்டம்பர் 3 அன்று நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை 5.44 பில்லியன் யூரோவுக்கு மைக்ரோசாஃப்டிடம் விற்பதாக அறிவித்தது. அறிவிப்பு வந்த அதே மாதத்தில் வருமான வரித் துறை 281பி பிரிவைப் பயன்படுத்தி நோக்கியா இந்தியாவின் சொத்துகளை முடக்கியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் அதில் அடக்கம். மதிப்பீடு முடியும் முன்பே, பிற்பாடு வசூலாகாமல் போய்விடும் என்ற அச்சம் இருந்தால், சொத்தைத் தற்காலிகமாகப் பற்றுகை செய்ய அந்தப் பிரிவு அனுமதித்தது. துறையின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொழிலை விற்றுவிட்டு நிறுவனம் போய்விட்டால் பாக்கியை யாரிடம் கேட்பது?

டிசம்பர் 12 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நடுவழியைக் கண்டது. ஆலையை மைக்ரோசாஃப்டுக்கு மாற்றலாம். ஆனால் குறைந்தது 2,250 கோடி ரூபாய் தனிக் கணக்கில் போடப்பட்டு வழக்கு முடியும்வரை தொடப்படாமல் இருக்க வேண்டும், வரிப் பொறுப்பைப் பின்லாந்து நிறுவனமும் ஏற்க வேண்டும். வட்டியும் அபராதமும் சேர்ந்து எதிர்காலப் பாக்கி 21,000 கோடி ரூபாயைத் தாண்டக்கூடும் என்று துறை நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. ஆலையின் மதிப்போடு ஒப்பிடவே முடியாத தொகை இது. 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. நோக்கியா நிபந்தனைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 14 அன்று மனு தள்ளுபடியானது.

அதே மார்ச்சில் தமிழக வணிக வரித் துறை தன் பங்குக்கு 2,400 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஏற்றுமதி என்று காட்டிய கைப்பேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. நோக்கியா அதை மறுத்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆலையை வரவேற்று நிலம் கொடுத்த அதே அரசின் இன்னொரு கை இது. ஒரே ஆலை மீது மத்திய அரசின் கோரிக்கையும் மாநில அரசின் கோரிக்கையும் சேர்ந்து விழுந்த பிறகு, அதை யாரும் வாங்கும் நிலை இல்லை.

2014 ஏப்ரல் 25 அன்று மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் நிறைவேறியது. உலகெங்கும் இருந்த நோக்கியா கைப்பேசி ஆலைகளில் பெரும்பாலானவை கை மாறின, ஸ்ரீபெரும்புதூர் மாறவில்லை. மைக்ரோசாஃப்டுக்குக் கைப்பேசி செய்துகொடுக்கும் ஒப்பந்த ஆலையாக அது தனியே நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எதிர்காலம் தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் அதில் கையெழுத்திட்டார்கள். பெரும்பாலோர் முப்பது வயதைத் தொடாதவர்கள். ஓய்வு என்ற பெயர் பொருந்தாத வயது. மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதலை நிறுத்த, 2014 நவம்பர் 1 முதல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. சொத்து முடக்கம் இருப்பதால் ஆலையை வேறொருவருக்கு மாற்றும் வழியையும் தேட முடியவில்லை என்று நோக்கியா அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றுபோனது.

மூடலுக்கு வரி வழக்கு மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. பட்டன் கைப்பேசிகளின் சந்தை அப்போதே சரிந்துகொண்டிருந்தது. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 18,000 ஆட்குறைப்பில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்த பிரிவைச் சேர்ந்தவர்கள். மற்ற நாடுகளிலும் ஆலைகள் மூடப்பட்டன. எனினும் இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பிழைத்திருக்கும் வாய்ப்பை ஸ்ரீபெரும்புதூருக்கு இல்லாமல் செய்தது பற்றுகைதான். மென்பொருள் ராயல்டியா இல்லையா என்ற மூலக் கேள்வி அப்போதும் நிலுவையில் இருந்தது. ஆலையின் கதியைத் தீர்மானித்தவை தற்காலிக உத்தரவுகள். வழக்கில் கட்சிக்காரராக இல்லாத தொழிலாளர்கள்தான் அந்த உத்தரவுகளின் விளைவை முதலில் சுமந்தார்கள். அவர்களுடைய வேலையை எடைபோட 281பி பிரிவில் இடமே இருக்கவில்லை. இந்த வழக்கைப் பற்றிய எந்த மதிப்பீடும் இதை விட்டுவிட்டுச் செய்ய முடியாது.

வருமான வரித் தகராறு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. இந்தியா–பின்லாந்து வரி ஒப்பந்தத்தில், இரு நாட்டு வரித் துறைகளும் தமக்குள் பேசி இரட்டை வரியைத் தீர்த்துக்கொள்ளும் நடைமுறை உண்டு. அதன்படி எட்டிய உடன்பாட்டில் நோக்கியா 202 மில்லியன் யூரோ, ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய், கட்டியது. 2018-இல் விவகாரம் முடிந்தது. பூட்டிக் கிடந்த ஆலையை, முன்பு அதற்குச் சார்ஜர் செய்துகொடுத்த சால்காம்ப் வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது.

இதே காலத்தில் ஒரகடத்திலும் ஒரு வழக்கு ஓடியது. அதில் திசை நேர்மாறானது. ரெனோ–நிஸான் ஆலைக்கு 2008 ஒப்பந்தப்படி தமிழக அரசு தருவதாகச் சொன்ன வரிச் சலுகைகள் வரவில்லை என்று, இந்தியா–ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தைக் காட்டி, நிஸான் இந்திய அரசை சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். அதுவும் 2020-இல் சமரசத்தில் முடிந்தது.

மூலக் கேள்விக்கு விடை வேறொருவர் வழக்கில் வந்தது. பெங்களூருவைச் சேர்ந்த இன்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் உள்ளிட்ட பல மேல்முறையீடுகளை ஒன்றாக விசாரித்த உச்ச நீதிமன்றம், 2021 மார்ச் 2 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் சாம்சங் தீர்ப்பைத் தள்ளியது. நீதிபதி ஆர்.எஃப்.நாரிமன் தலைமையிலான அமர்வு சொன்னது இது: மென்பொருளின் பிரதியைப் பயன்படுத்தவோ விற்கவோ மட்டும் பெறுபவர் அதன் பதிப்புரிமையைப் பெறுவதில்லை, கருவியோடு சேர்ந்து வரும் மென்பொருளுக்கும் இதுவே பொருந்தும், ஆகவே வரி ஒப்பந்தங்களின்படி அதற்கான விலை ராயல்டி ஆகாது. 2012-இல் சேர்த்த விளக்கம் பழைய சட்டத்தைத் தெளிவுபடுத்தவில்லை, விரிவாக்கியது என்றும் அமர்வு கண்டது. பணம் அனுப்பிய நாளில் சட்டத்தில் இல்லாத ஒன்றுக்காக வரி பிடித்திருக்க வேண்டும் என்று எவரையும் கேட்க முடியாது. செய்ய இயலாததைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. கைப்பேசிக்குள் மென்பொருளை ஆலையிலேயே ஏற்றிய நோக்கியாவின் நிலைமை இந்தத் தீர்ப்பு பிரித்துப் பார்த்த பரிவர்த்தனை வகைகளில் எதில் சேரும் என்பது தனியே வாதிக்கப்பட வேண்டியதாக இருந்திருக்கும். ஆனால் முன்தேதியிட்டு டி.டி.எஸ். கேட்பது பற்றிய பகுதி அதன் வழக்கையும் நேரடியாகத் தொட்டது.

அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று ராதாகிருஷ்ண இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், ஜி.எஸ்.டி. சட்டத்தின் கீழ் தற்காலிகப் பற்றுகை செய்வது மிகக் கொடிய அதிகாரம், கையில் திடமான ஆதாரம் இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம், வருவாயைக் காக்க வேறு வழி இல்லை என்ற தேவையும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 281பி பிரிவின் நோக்கமும் இதே வகையானது என்பதால், வருமான வரி வழக்குகளிலும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வோடஃபோன் திருத்தத்தின் முன்தேதி விளைவைத் தானே கைவிட்டு, அதன் கீழ் வசூலித்ததைத் திருப்பித் தர வழி செய்தது. மென்பொருள் ராயல்டி பற்றிய நான்காவது விளக்கத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. வரி ஒப்பந்தம் உள்ள நாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் விலை அனுப்புபவருக்கு 2021 தீர்ப்பின் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தம் இல்லாத நாட்டுக்கு அனுப்புபவர், 2012-க்குப் பிந்திய தொகைகளுக்கு அந்த விளக்கத்தின்படியே வரி பிடிக்க வேண்டியிருந்தது.